தலைகீழ்ப் பிடி

கோல்ஃப் கற்க விருத்தாசலம் மாதிரி தோதான ஊர் கிடையாது. சென்னையில் பச்சைப் புல்வெளி வளர்த்து, நடுநடுவே மணற்குழி வெட்டி, அதற்கு பங்கர் என்று பெயரும் வைத்து, பந்து அதில் விழுந்தால் வருத்தப்படுகிறார்கள். கோடையில் எங்கள் மணிமுத்தாற்றில் இறங்கினால் இக்கரையிலிருந்து அக்கரை வரை பங்கர்தான். வருத்தத்துக்கே இடமில்லை. தண்ணீர் ஓடும் காலத்தில் பந்து ஆற்றோடு போனாலும் பயமில்லை. சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை இதே ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டவர். என் பந்துகளும் அங்கே பத்திரமாக இருக்கும். பந்து விழவேண்டிய குழியின் விட்டம்கூட 108 மில்லிமீட்டர். அர்ச்சனைக் கணக்கு!

ஆக, ஊர் தயார். குருதான் பாக்கி.

யூடியூப் வாத்தியார்கள் எல்லாரும் ஒரே அச்சு. மட்டையில் இடக்கை மேலே, வலக்கை கீழே. எனக்கோ வலக்கை மேலே போனால்தான் மட்டை பேச்சைக் கேட்கிறது. அப்போதுதான் பாப்வா சீவ்கோலம் கிடைத்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்ந்த இந்திய வம்சாவளிக்காரர். வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் பையைச் சுமந்த கேடி. ஆட்டத்தைத் தானாகவே கற்றவர், பிடி தலைகீழ். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார்.

1978-இலேயே காலமாகிவிட்ட குருவிடம் கற்க ஏகலைவன் வழிதான். அவனாவது துரோணரைத் தானே மண்ணில் பிசைய வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பொம்மை செய்யும் அக்காவிடம் சொன்னால் போதும்.

“கோல்ஃப் ஆடுறவருக்கு அச்சு இல்லியே தம்பி. செட்டியார் அச்சு இருக்கு. தொப்பையைக் கொறச்சி, கையில ஒரு குச்சி குடுத்துடறேன்.”

செல்போனில் பாப்வாவின் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

“கை மாறிக் கெடக்கே! இப்படிச் செஞ்சா ஃபால்ட் பீசுன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க.”

“ஃபால்ட் இல்லக்கா, சாம்பியன்” என்று கதையைச் சொன்னேன். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களை எல்லாம் முந்தி பாப்வா ஜெயித்தார். பரிசளிப்பு நேரத்தில் மழை. நிறவெறி ஆட்சி. கிளப் கட்டடத்துக்குள் அவருக்கு இடமில்லை. தோற்றவர்கள் உள்ளே நனையாமல் இருக்க, ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார்.

அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். “பெயின்ட் அடிச்ச பொம்மையைக்கூட நாங்க மழையில உட மாட்டோம்.”

1965-இல் அதே போட்டியில் பாப்வா, உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கேரி பிளேயரையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். அதன் பிறகு அந்த நாட்டின் பெரிய போட்டிகளில் அவர் ஆடவே தடை வந்தது. குருவிடம் கற்ற முதல் பாடம் இதுதான்: பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்பது கோல்ஃபின் ஆதார விதி. எனக்கு ஓர் ஆறுதான் பங்கர். அவருக்கு ஒரு நாடே பங்கர்.

இரண்டாம் பாடம், தலையைத் தூக்காதே. பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் நிமிர்ந்தால் அடி பிசகும். பலனில் கண் வைக்காதே என்று கண்ணன் சொன்னதையே கோல்ஃப் கழுத்து வலியோடு சொல்லித்தருகிறது.

நவராத்திரிக்குக் குருவைக் கொலுவில் ஏற்றினேன். சுண்டல் வாங்க வந்த மாமி, “செட்டியார் ஏன் பூனையை விரட்டறார்?” என்றார். மறுபடி 1963-இலிருந்து ஆரம்பித்தேன். சுண்டல் ஆறிப்போனது.

மூன்றாம் பாடத்தை மறைத்தால் குருத்துரோகம். தலைகீழாகப் பிடித்ததால் அவர் சாம்பியன் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து ஓயாமல் அடித்து அடித்து, எந்தப் பிடியாக இருந்தாலும் பந்து அடங்கும் நிலைக்கு வந்தவர். இது புரிந்தும் நான் பிடியை மாற்றிக்கொள்ளவில்லை. பந்து நேராகப் போவதைவிட, திருத்த வருகிறவர்களிடம் சொல்ல ஒரு சாம்பியன் பெயர் கையில் இருப்பது பெரிய நிம்மதி.