குழாயைக் கேட்டார்கள், மழையைக் கேட்டார்களா?

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எது எப்படிக் கெடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க 'ஹேஸாப்' என்றொரு ஆய்வு. 1960-களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவானது. ஒவ்வொரு குழாயாக எடுத்து, 'ஓட்டம் இல்லை', 'அதிகம்', 'குறைவு', 'தலைகீழ்' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். காலையில் கேள்விகள் காரசாரமாக இருக்கும். தயிர் சாதத்துக்குப் பிறகு எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில்தான்: 'இருக்கிற பாதுகாப்பே போதும்.' (தயிர் சாதத்தை ஆபத்துப் பட்டியலில் சேர்க்க இதுவரை யாருக்கும் மனம் வரவில்லை.)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். சென்னை மணலியில் உள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது நிறுவனம். இருக்கலாம், ஓட்டம் 'அதிகம்' ஆனது வானத்தில்! கடைசியில் மீனவர்கள் படகில் போய் மக்கால் எண்ணெயை அள்ளினார்கள்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு வெள்ளம் பழகிய முடிச்சூர், வேளச்சேரிக்காரர்களைக் கூப்பிடலாம். 2024 அக்டோபரில் கனமழை 'ரெட் அலர்ட்' என்ற சொல் காதில் விழுந்ததுமே, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. அபராதம் என்ற பேச்சுக்கும் ஒருவரும் அசையவில்லை.