தலை சிங்கர், கால் உஷா

பெய்ஸ்லி, ஸ்காட்லாந்து
மே மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மாட்டேன். நேற்று ராத்திரிதான் வீடியோவில் உன் நலத்தை ஒரு மணி நேரம் கேட்டேன். பாதி முழங்கால் வலி, மீதி அத்தான். இந்தக் கடிதம் அம்மாவுக்காக. போனில் எதைச் சொன்னாலும் "என்னது, என்னது?" என்று கேட்டுவிட்டு "சரி, சாப்பிட்டியா?" என்று முடித்துவிடுகிறாள். காகிதம் என்றால் நீ சத்தமாக வாசித்துக் காட்டலாம். அத்தான் ஃபேக்டரிக்குக் கிளம்பின பிறகு வாசி. இருந்தால் வரிக்கு வரி விளக்கவுரை சொல்வார்.

முதலில் மிஷின் விஷயம். மிஷின் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னதும் "விக்கப் போறானா?" என்று அத்தான் கேட்டாராமே. விற்கவில்லை, ஜாதகம் பார்த்தேன். சிங்கர் மிஷினில் நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்தை வைத்து அது எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று சொல்லிவிடலாம். நம்முடையது ஒய் வரிசை. அப்படியென்றால் கிளைட்பேங்க். நான் குடியிருக்கும் இடத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் அந்த ஊர்தான்! எஸ்டேட் துரைசாணி ஊருக்குக் கப்பலேறும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போன கை மிஷின், தாத்தா துணி சுற்றித் தலையில் சுமந்து லயத்துக்குக் கொண்டுவந்த மிஷின், நம் வீட்டுக்கு வருவதற்கு முன் என் பக்கத்து ஊர்க்காரியாக இருந்திருக்கிறாள். பிறகு அம்மா கைப்பிடியைக் கழற்றிவிட்டு உஷா ஸ்டாண்டில் ஏற்றிக் கால் மிஷின் ஆக்கினாளே, அதனால் இப்போது தலை ஸ்காட்லாந்து, கால் கல்கத்தா. பெல்ட் மட்டும் மூணாறு பஜார்.

பிறந்த வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு லீவு நாளில் கிளாஸ்கோ போய் ரயில் மாறிப் போனேன். ஸ்டேஷன் பெயரே சிங்கர்தான். அதைத் தவிர அங்கே சிங்கர் எதுவும் இல்லை. 1885-இல் திறந்த தொழிற்சாலை. 1913-இல் மட்டும் 13 லட்சம் மிஷின்களை உலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. நாலு பக்கமும் முகம் வைத்த கடிகாரக் கோபுரம் ஒன்று இருந்ததாம். ஒவ்வொரு முகமும் 26 அடி, நம் லயத்து வீட்டு முன்வாசலைவிட அகலம். 1963-இல் கோபுரத்தை இடித்தார்கள், 1980-இல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஆபீஸ் கட்டடங்களும் கார் நிறுத்தமும். ஸ்டேஷன் பெயர்ப் பலகையை நான் விதவிதமாகப் படம் எடுப்பதைப் பார்த்த ஒரு பெரியவர், என்னை ரயில் பைத்தியம் என்று முடிவு கட்டி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து எஞ்சின் நம்பர்களாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். தையல் மிஷின் நம்பருக்காக வந்தவன் என்று சொல்ல மனசு வரவில்லை. கேட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்கு இதையும் வாசி. 1911-இல் அந்தத் தொழிற்சாலையில் மிஷின் பெட்டிக்குப் பாலிஷ் போடும் பெண்கள் 12 பேர் வேலையை நிறுத்தினார்கள். சிலரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு அவர்கள் வேலையையும் இவர்கள் தலையில் கட்டினார்களாம். அவர்களுக்குப் பின்னால் ஏறக்குறைய மொத்தத் தொழிற்சாலையும் வெளியே வந்துவிட்டது. 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் தலைத்துண்டோடு போய் உட்கார்ந்தார்களே நம் தேயிலைத் தோட்டத்துப் பொம்பளையாட்கள், பெம்பிளை ஒருமை, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய அக்காமார்கள் இவர்கள். கிளைட்பேங்க்காரர்கள் தோற்றுப்போனார்கள். நம்மவர்கள் 20 சதவீத போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மூணாறு ஜெயித்தது என்று அம்மாவிடம் அழுத்திச் சொல்.

துரைமார் எங்கிருந்து வந்தார்கள் என்று சின்ன வயதில் கேட்டால் "சீமையிலிருந்து" என்பார் தாத்தா. சீமை இதுதான் அக்கா. நம் எஸ்டேட்டின் கண்ணன் தேவன் கம்பெனியை 1897-இல் தொடங்கிய ஃபின்லே கம்பெனிக்காரர்கள் கிளாஸ்கோ ஆட்கள். காடும் அட்டையுமாகக் கிடந்த மலையில் அவர்கள் ஏன் போய் உட்கார்ந்தார்கள் என்பது இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே புரிந்துவிட்டது. அதே மூடுபனி, அதே சாரல், காயாத துணி. சொந்த ஊர் என்று நினைத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள்.

பெய்ஸ்லி நூல் ஊர். நெப்போலியன் காலத்துச் சண்டையில் பட்டு நூல் கிடைக்காமல் போக, தைக்கிற பருத்தி நூல் செய்து பெரிய ஆளானார்கள் கிளார்க் குடும்பம். இன்னொரு பக்கம் கோட்ஸ் குடும்பம். ஒரு காலத்தில் பத்தாயிரம் பேருக்கு வேலை கொடுத்த மில்கள். 1993-இல் கடைசி மில்லும் மூடியாயிற்று. ஆங்கர் மில் இருக்கிறதே, அதன் பெரிய கட்டடம் இப்போது அடுக்குமாடி வீடு. நூல் சுற்றின இடத்தில் ஆட்கள் குளிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி வயசுப் பெண்ணாக இருந்தபோது அந்த மில்லில் வேலை பார்த்தவர். ஒருநாள் நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது வந்து, நூல்கண்டைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். மதுரா கோட்ஸ். நீ போன வருஷம் ஊறுகாயோடு வைத்து அனுப்பின நூல்தான். "இது எங்க கோட்ஸா?" என்றார். ஆமாம், நம் சின்னத்தாத்தா வேலை பார்த்த விக்கிரமசிங்கபுரம் மில்லைத் தொடங்கிய ஹார்வி அண்ணன் தம்பிகளும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான், 1974-இல் மதுரை மில்லும் கோட்ஸும் ஒன்றாகித்தான் மதுரா கோட்ஸ் ஆனது என்று பாடம் நடத்தினேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நூலை வெடுக்கென்று இழுத்து அறுத்துப் பார்த்துவிட்டு, "எங்க நூல் இதைவிட உறுதி" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் கேக் வந்தது.

மாங்காய் டிசைனையும் சொல்லிவிடுகிறேன். காஷ்மீர் சால்வையைப் பார்த்து இந்த ஊர்த் தறிக்காரர்கள் நெய்தார்கள். இப்போது உலகம் முழுக்க அது பெய்ஸ்லி. உன் கல்யாணச் சேலைக் கரையில் இருப்பதும் பெய்ஸ்லிதானாம். அம்மாவிடம் சொன்னேன். "மாமரம் இருக்கா அந்த ஊர்ல?" என்றாள். இல்லை என்றேன். "பெறவு என்ன?" என்று வழக்கை முடித்துவிட்டாள்.

மரம் இல்லாதது போகட்டும், இங்கே ஊசி பிடிக்கிற கையும் குறைந்துவிட்டது. டிவியில் தையல் போட்டி நடக்கிறது, 2013-லிருந்து பிபிசி நடத்துகிறது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள், யார் ஜெயிப்பார் என்று பந்தயம்கூட உண்டு. மறுநாள் பொத்தான் அறுந்தால் சட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். பேன்ட் நீளம் குறைக்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறது கடை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவின் கிழிந்த பாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். இப்போது நர்ஸம்மாக்கள், சமையல்காரர், மேனேஜர் எல்லாரும் பை பையாகக் கொண்டுவருகிறார்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். எங்கள் லயத்தில் ஆம்பளைப் பிள்ளையும் காஜா போடுவான், இல்லாவிட்டால் அம்மா சோறு போட மாட்டாள் என்றேன். சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள்.

பழைய சேலைப் போர்வை வேறு ஒரு கூத்து. நான் வரும்போது அம்மா அஞ்சாறு சேலையை மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்தாளே, அதைப் பாட்டி ஒரு கைவினைக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு அம்மாள் இருநூறு பவுண்டு தருகிறேன் என்று சொன்னாராம். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. பக்கத்து வீட்டுச் சேலைகள் கொடியில் காய்வதை அம்மா ஒரு மாதிரி பார்க்கிறாள் என்று நீ புகார் சொன்னபோதுதான் விபரீதம் புரிந்தது. ஏழு வீட்டு லயத்தில் கட்டின சேலை மிஞ்ச வேண்டும். நீதான் கவனம்.

இப்போது அசல் விஷயத்துக்கு வருகிறேன். எதிர் வீட்டுக்காரர் பேக்பைப் வாசிக்கிற ஆள். மகளுக்குக் கல்யாணம். கில்ட்டை, அதாவது இந்த ஊர் ஆம்பளைகள் கட்டும் கட்டம் போட்ட பாவாடையை, எடுத்துக் கட்டிப் பார்த்திருக்கிறார். இடுப்பில் இரண்டு இஞ்ச் பற்றவில்லை. தைத்த கடையில் ஒரு மாதம் ஆகும் என்றார்களாம், கல்யாணமோ அடுத்த வாரம். பாட்டி கைகாட்டிவிட, மனுஷன் கில்ட்டைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

எட்டு கெஜம் கம்பளித் துணி அக்கா. முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுக்க மடிப்பு. அத்தனை மடிப்பும் கைத்தையல். அதுகூடப் பெரிசில்லை. மடித்த பிறகும் பின்னால் கட்டம் கலையக் கூடாது. மடிக்காத துணியில் கட்டம் எப்படி ஓடுமோ அப்படியே ஓட வேண்டும். கட்டம் போட்ட சட்டைக்குப் பாக்கெட் வைக்கும்போது கட்டம் சேரவில்லை என்று அம்மா பிரித்துப் போட்டு என்னை அழவைத்திருக்கிறாளே, அதை இடுப்பைச் சுற்றி முப்பது இடத்தில் செய்திருக்கிறான் ஒருத்தன். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். நம் வீட்டில் ராத்திரி பதினொன்று. அம்மாவின் நெற்றி மட்டும் திரையில் தெரிந்தது. கில்ட்டைப் புரட்டிக் காட்டினேன்.

"பட்டுப்பாவாடதாம்ல இது" என்றாள். "கொக்கியைத் தள்ளி வச்சா முன்பக்கம் கோணும். மடிப்பைப் பிரி. ஒவ்வொரு மடிப்புலயும் நூலளவு விட்டு மறுபடி பிடி. எல்லாம் சேந்து ரெண்டு இஞ்ச் வந்துரும். கட்டமும் கலையாது."

அதைத்தான் செய்தேன். இரண்டு ராத்திரி. நடுவில் அம்மா, "இதுக்கு உள்பாவாடை உண்டா?" என்று கேட்டாள். சிக்னல் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கல்யாணத்தில் அவர் பைப்பை ஊதிக்கொண்டு முன்னால் நடக்க, நான் கூட்டத்தில் நின்று அவர் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி கிள்ளினாள். கட்டம் ஒரு இழை கூட விலகவில்லை என்று சொன்னால் அவளுக்கு எங்கே புரியப் போகிறது? கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவளுக்கு ஒயர் கூடைதான் கைவேலை. அவள் அம்மா பின்னிக் கொடுத்த சிவன் கண் கூடையில் சோறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். வார்டே அதன் பின்னால் அலைகிறது. இப்போது என் மாமியார் நர்ஸ் யூனிஃபார்ம் நீலத்தில் ஒயர் தேடி சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி என்று சுற்றுகிறார். "மாப்பிள்ளைங்க, அந்த ஊருல கூடை கூடக் கிடைக்காதுங்களா?" என்று என்னிடமே கேட்கிறார். சம்பந்திகள் இருவருக்கும் உள்ளூரப் போட்டி என்று எனக்குச் சந்தேகம். அம்மாவிடம் இதை வாசிக்க வேண்டாம்.

என் மகள் சின்னவள் ஆச்சியிடம் வீடியோவில் ஓட்டுத்தையல், சங்கிலித் தையல் முடித்துக் காஜாவுக்கு வந்திருக்கிறாள். பொம்மைக்கு ஜாக்கெட் தைத்து ஊக்கு வைத்திருக்கிறாள். பொம்மை மூச்சுவிடத் தேவையில்லாததால் அளவு சரியாக இருக்கிறது. நாங்கள் ஜூலை இரண்டாவது வாரம் கிளம்புகிறோம், மழை என்று தெரியும், பள்ளிக்கூட லீவு அப்போதுதான். முதல் வாரமே வரலாம் என்றால் அவள் விடவில்லை. ஜூலை முதல் சனிக்கிழமை இங்கே ஸ்மா ஷாட் திருநாள். அந்தக் காலத்துச் சால்வையில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடி நெசவைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய ஊடு நூல் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாததற்குக் காசு தர முடியாது என்று முதலாளிகள் சொல்ல, நெசவாளர்கள் கைக்காசு போட்டு நூல் வாங்கி நெய்தார்கள், சண்டை போட்டார்கள், 1856-இல் ஜெயித்தார்கள். இன்னமும் மேளம் அடித்து ஊர்வலம் போய் முதலாளி பொம்மையைக் கொளுத்துகிறார்கள். போன வருஷம் அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, ஆச்சி ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங்கும் ஊக்கும் ஏன் சும்மா தைத்துக் கொடுக்கிறாள் என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதில் நீ யோசித்து வை.

வருவதற்குள் மிஷினுக்கு எண்ணெய் விட்டு வை. மூணாறு ஆரண்யாவில், எஸ்டேட்காரர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இலை, தோல், தேயிலைக் கழிவு எல்லாம் வைத்துச் சாயம் போடுகிறார்களே, அங்கே ஒரு கழுத்துத் துண்டு பார்த்து வை, பாட்டிக்கு. நூலை இழுத்துப் பார்ப்பார், நல்லதாக எடு.

கடைசியாக ஒரு பஞ்சாயத்து. கில்ட்டுக்காரருக்கு அவர் பைப் குழுவில் சிநேகிதர்கள் உண்டு, எல்லாருக்கும் வயிறும் உண்டு. என்ன கூலி என்று கேட்கிறார்கள். அம்மாவைக் கேட்டேன். பாவாடை பிரித்துத் தைக்க நாற்பது ரூபாய், எட்டு கெஜம் என்பதால் ஐம்பது, அதற்கு மேல் வாங்கினால் பாவம் என்கிறாள். ஐம்பது ரூபாய்க்கு இங்கே ஒரு வாய் டீ வராது. குறைத்துச் சொன்னால் என் வேலையைச் சந்தேகப்படுவார்கள், கூட்டிச் சொன்னால் அம்மா என்னைச் சந்தேகப்படுவாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசி ஒரு ஆயிரம் ரூபாய்க்காவது அவளைச் சம்மதிக்க வை. ஹெம்மிங் தனி என்று சின்னவள் சொல்லச் சொன்னாள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி