மேலாளர் கடைசியில் பேசட்டும்!

கேள்வி: ஜப்பான்காரர்களின் தரக்கட்டுப்பாட்டு முறையெல்லாம் மலேசியாவுக்கு ஒத்துவருமா? எங்கள் தொழிற்சாலையில் 5எஸ் (பணியிட ஒழுங்கு முறை) பலகை மாட்டியதோடு சரி!
– வாசகர், கிள்ளான்

பதில்: பலகை மாட்டினால் தரம் வந்துவிடும் என்றால், ஆணி அடித்தவரையே மேலாளர் ஆக்கிவிடலாமே!

ஜப்பானுக்கே அது இரவல் சரக்குதான். 1950இல் அமெரிக்கரான டெமிங் அங்கே போய்ப் பாடம் நடத்தினார். கேட்டவர்கள் அதை அப்படியே விழுங்கவில்லை. 1962இல் தொழிலாளர்களே கூடிப் பழுதுகளை ஆராயும் தரக் குழுக்களைத் தொடங்கினார்கள். 1982இல் அன்றைய பிரதமர் மகாதீர் ஜப்பானைப் பார்த்துக் கற்கும்படி கிழக்கை நோக்கச் சொன்னபின் அந்தக் குழுக்கள் நம் அரசு அலுவலகங்களுக்குள்ளும் நுழைந்தன. மிட்சுபிஷி துணையோடு 1985இல் ஷா ஆலாமில் முதல் புரோட்டோன் சாகா காரும் உருண்டது.

இடிப்பது எங்கே தெரியுமா? டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கை வைத்து, அதிகாரிக்கும் ஊழியருக்குமான இடைவெளியை அளந்தார். ஜப்பானுக்கு 54 புள்ளி, மலேசியாவுக்கு 104! கடைநிலை ஊழியர் தயங்காமல் 'இங்கே கோளாறு' என்று சொல்வதற்குத்தான் தரக் குழு. 'போஸ்' முகத்தைப் பார்த்தே எல்லாரும் தலையாட்டினால், கூட்டத்தில் மிஞ்சுவது தே தாரிக்கும் கரிப்பாப்பும்தான்.

அளவுகோலும் பழுதுக் கணக்கும் எந்த நாட்டிலும் வேலை செய்யும். பேசவைக்கும் முறையைத்தான் ஊருக்கேற்ப மாற்ற வேண்டும். பெயர் எழுதாத சீட்டில் குறைகளை வாங்கலாம். மேலாளர் கடைசியில் பேசலாம். இதை நேரில் சொல்லத் தயக்கமா? இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.