ஆண்டறிக்கைப் பாட்டியல்

பிரபந்தங்களை வகைபிரித்து, எதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று விதி சொல்லும் நூலுக்குப் பாட்டியல் என்று பெயர். தூதுக்கும் உலாவுக்கும் பரணிக்கும் இலக்கணம் வகுத்த முன்னோர் ஆண்டறிக்கையை விட்டுவிட்டார்கள். அக்குறை நீக்குதலே இந்நூற் பயன்.

முதலில் மங்கலச் சொல். ‘சீர்’, ‘திரு’ போன்ற சொற்களால் நூல் தொடங்கவேண்டும் என்பது பழைய விதி. நம் நாட்டு இயக்குநர் குழு அறிக்கையின் மங்கலச் சொல் ‘மகிழ்ச்சியுடன் சமர்ப்பிக்கிறோம்’ என்பது. லாபமானாலும் நஷ்டமானாலும் இந்த மகிழ்ச்சிக்குக் குறைவில்லை.

பாயிரத்துக்குரிய எட்டில் ‘கேட்போர்’ என்று ஒன்று உண்டு. ஆண்டறிக்கை எந்த வகை என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். முகவரியில் எல்லாம் பங்குதாரர்தான். எழுதுகிறவர் மனத்தில் இருப்பவர் வேறு.

பெரும்பான்மையானவை மெய்க்கீர்த்தி. ராஜராஜன் காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகளில் மன்னன் வென்ற நாடுகள் முதலில் வரிசையாக வரும். எந்தக் கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு, எவ்வளவு நெல் என்ற விஷயமெல்லாம் அதற்குக் கீழே. தோற்ற போர் வராது. ஆண்டறிக்கையிலும் சேர்மன் படம், பிடித்த சந்தை, வாங்கிய விருது முன்னே. நெல் கணக்கு பின்னே. இதைக் கேட்போர் விருதுக் குழுவினர். அமெரிக்க எரிசக்திக் கம்பெனியான என்ரானின் 2000-ஆம் ஆண்டு அறிக்கை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வருவாய் 10,000 கோடி டாலரைத் தாண்டியது என்றது. தன் விழுமியங்களில் நேர்மையையும் சேர்த்துச் சொன்னது. 2001 டிசம்பர் 2 அன்று திவால் மனு. நம் ஊரில் மென்பொருள் கம்பெனி சத்யம். 2008-இல் நிறுவன நிர்வாகச் சிறப்புக்காக ‘கோல்டன் பீகாக்’ விருது பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று தெரிந்தது.

மெய்க்கீர்த்திக்கு ஒரு புறனடை: லாப ஆண்டில் எழுவாய் ‘நாங்கள்’. நஷ்ட ஆண்டில் எழுவாய் பருவமழை, கச்சா எண்ணெய், டாலர், சீனா. நல்ல மழையால் லாபம் வந்த ஆண்டில் மழைக்கு நன்றி சொன்ன சேர்மனை யாம் கண்டதில்லை.

பிள்ளைத்தமிழ் அடுத்தது. நஷ்டத்தில் ஓடும் இளங் கம்பெனி தவழ்வதையும் கைகொட்டுவதையும் பருவம் பருவமாகப் பாடுவது. அமேசான் 1997-ஆம் ஆண்டறிக்கைக் கடிதத்தில் இது ‘முதல் நாள்’ என்றது. பிறகு ஆண்டுதோறும் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அதே கடிதத்தைப் புதுக் கடிதத்தோடு இணைத்து அனுப்பினார். முழு ஆண்டு லாபம் வந்தது 2003-இல். பிள்ளை வளர்ந்து ஊரையே விலைபேசிய பிறகும் செங்கீரைப் பருவம் முடிந்தபாடில்லை. கேட்போர், பொறுமையுள்ளவர்.

கலம்பகம், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியும் 2013 கம்பெனிகள் சட்டமும் சேர்ந்து நமக்கு அருளியது. சமூகப் பொறுப்புச் செலவு, சம்பள விகிதம், தண்ணீர், கார்பன், கழிவு என உறுப்புகள் பல. 2022-23-இலிருந்து முதல் 1,000 கம்பெனிகளுக்கு ‘பிஆர்எஸ்ஆர்’ என்னும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையும் கட்டாயம். கேட்போர், செபி ஒருவரே. நந்திக் கலம்பகம் கேட்டு மன்னன் உயிர்விட்டதாகக் கதை. இதில் பங்குதாரருக்குத் தூக்கம் வருவதோடு சரி.

முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் பங்குதாரர் கடிதம் இவற்றில் எவ்வகையிலும் அடங்காது. 1998-இல் அமெரிக்கச் செக்யூரிட்டீஸ் கமிஷன் எளிய நடைக்கு ஒரு கையேடு போட்டது. அதன் முன்னுரையில் தம் ரகசியத்தை அவரே சொன்னார்: எழுதும்போது அக்காள் டோரிஸும் தங்கை பெர்ட்டியும் எதிரே இருப்பதாக நினைத்துக்கொள்வாராம். புத்திசாலிகள், ஆனால் கணக்குப் பரிபாஷை தெரியாதவர்கள். 1989 கடிதத்தில் 25 ஆண்டுத் தவறுகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். 1993-இல் டெக்ஸ்டர் செருப்புக் கம்பெனியை ரொக்கம் தராமல் பெர்க்‌ஷயர் பங்குகளைத் தந்து வாங்கினார். செருப்புக் கம்பெனி ஒன்றுமில்லாமல் போயிற்று. 2007 கடிதத்தில், அதுவரை தாம் செய்ததிலேயே மோசமான பேரம் அதுதான் என்றார். பங்குதாரருக்கு நஷ்டம் 350 கோடி டாலர் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். எழுவாய் ‘நான்’. பணக்காரர் தப்பை ஒப்புக்கொள்வது சுலபம் என்பர் ஒருசாரார். பணக்காரச் சேர்மன்களுக்குப் பஞ்சமா என்ன? அத்தனை பேரில் எத்தனை பேர் இப்படி எழுதினார்கள் என்பது எம் வினா.

கடைசியாக, ஆண்டறிக்கையை ஒட்டி வரும் ஒன்று: ஆடிட்டர் ராஜினாமா ஓரடிச் செய்யுள். ‘வேறு பணிகள் இருப்பதால் விலகுகிறோம்’ என்பதே அதன் முழுப் பாடம். பல கம்பெனிகளில் இதே அடி திரும்பத் திரும்ப வந்தது. 2019 அக்டோபரில் செபி சுற்றறிக்கை விட்டது: விலகுவதற்கான காரணத்தை விவரமாகச் சொல்லவேண்டும். ஆகவே இப்போது செய்யுளுக்கு உரையும் ஆசிரியரே எழுதவேண்டியதாயிற்று.