பேய்க்கு வாடகை வீடு

எங்கள் பேட்டையின் முழுப்பெயர் மகாகவி பாரதி நகர். அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரர் "அது எங்கப்பா கீது?" என்பார். எம்.கே.பி. நகர் என்றால் ஏறச் சொல்வார். மகாகவியின் பெயர்கொண்ட இந்த ஊரில் இருபது வருடங்களாக டிடிபி கடை வைத்து ஒற்றுப்பிழை செய்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் கணேசபுரம் சுரங்கப்பாதைக்கும் போக மிச்சமிருந்த தண்ணீர் என் கடைக்கு வந்தது. மேசைக்கடியில் இருந்த சிபியு மூன்று நாள் முங்கிக் கிடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், ஊர் மக்களின் நல்லது கெட்டது எல்லாம் அதற்குள்.

தண்ணீர் வடிந்த அடுத்த மாதம் பக்கத்துத் தெருத் தம்பி வந்தான். "தாத்தாவுக்கு பதினஞ்சாம் வருஷம்ணே. அப்ப போட்ட அதே போஸ்டர் வேணும். அந்த போட்டோ வேற எங்கயும் இல்ல."

புது கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு திறக்காது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். எழுத்துரு யூனிகோடுக்கு முந்தையது. வேறு எதில் திறந்தாலும் தாத்தாவின் பெயர் கொம்பும் புள்ளியும் முளைத்த ஏதோ ஐரோப்பிய மொழியில் வரும். செத்துப்போன அந்தக் கம்ப்யூட்டரையே எழுப்பியாக வேண்டும்.

அப்போதுதான் நினைவு வந்தது. 2011-இல், ரிட்சி தெருவிலிருந்து ரிப்பேருக்கு வந்த ஒரு பையன், "கோஸ்ட் அடிச்சி வைக்கிறேன் சார்" என்று முழு டிஸ்க்கையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக் கொடுத்திருந்தான். நார்ட்டன் கோஸ்ட் என்பது நியூசிலாந்தில் பிறந்து, 1998-இல் சைமன்டெக் கைக்குப் போய், 2013-இல் விற்பனை நிறுத்தப்பட்ட மென்பொருள். ஆக, பேயே செத்துவிட்டது. அது அடித்த நகல் மட்டும் பரணில், வெண்கல அண்டாவுக்குள் பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் நகல் எடுக்கவே இல்லை. 2011-க்குப் பின் எம்.கே.பி. நகரில் மணமானவர்கள், வயதுக்கு வந்தவர்கள், மறைந்தவர்கள் யாருக்கும் என்னிடம் சாட்சியில்லை.

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். "மாமா, இத விர்ச்சுவல் மெஷின்ல ஏத்திடலாம்." கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர். எனக்குக் குடித்தனம் வைப்பதுபோல் புரிந்தது. புது லேப்டாப் ஹவுஸ் ஓனர். பழைய எக்ஸ்பி குடித்தனக்காரர். ஓனர் தன் நினைவகத்தில் 1 ஜிபி, டிஸ்க்கில் 80 ஜிபி ஒதுக்கித் தருவார். வேடிக்கை என்னவென்றால், குடித்தனக்காரருக்குத் தான் வாடகைக்கு இருப்பதே தெரியாது. சொந்த வீடு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

முக்கால் மணி நேரம் நகலை ஏற்றிவிட்டு ஸ்டார்ட் கொடுத்தால், நீலத்திரை. 7பி என்று முடியும் ஏதோ எண். நான் பரணைப் பார்த்துக் கும்பிட்டேன். "ஒண்ணுமில்ல மாமா. டிஸ்க்க சாட்டா வழியா மாட்டிட்டேன். இது ஐடிஇ காலத்து ஆளு, வாசல் தெரியாம முழிக்குது." மாற்றினான். பச்சைப் புல்வெளி, நீல வானம்! இடம் மாறிய எக்ஸ்பி உரிமத்தை மறுபடி கேட்கும் என்றான். என் எக்ஸ்பி எந்த வழியாக வந்ததோ, அப்படி எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வைரஸ் தடுப்பு மட்டும் 4,000 நாட்களுக்கு மேலாகக் காலாவதி என்று மஞ்சள் பலூனில் புலம்பியது.

போஸ்டர் திறந்தது. தாத்தா மீசையோடு சிரித்தார். கீழே, "துயரத்தில் ஆடும் பேரன்கள்". வாடும் என்று அடித்திருக்க வேண்டும். ஊர்வலத்தில் பேரன்கள் உண்மையாகவே ஆடிக்கொண்டு போனதால் அன்று ஒருவர் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது.

அதையும், 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பை 'நினைவஞ்சலி' என்றும் திருத்தலாமென்றால் தமிழ் தட்டச்சு வரவில்லை. அதற்கு டாங்கிள் என்கிற மென்பொருள் சாவி வேண்டும்; அது பிரிண்டர் துளையில் செருகுகிற வகை. புது லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. டாங்கிளும் வெள்ளத்தோடு போய்விட்டது. இருக்கிற எழுத்தை வெட்டி ஒட்டலாம், அவ்வளவுதான். வியாசர்பாடி கால்பந்துப் போட்டி நோட்டீஸின் "நினைவுப் பரிசி"லிருந்து 'நினை', ஒரு காதுகுத்தின் "வருக"விலிருந்து 'வ', தாத்தாவின் சொந்த அஞ்சலியிலிருந்து 'ஞ்சலி'. நினைவஞ்சலி தேறியது. 'வாடும்' என்பதற்கு 'வா'வை ஒரு கல்யாண வாழ்த்திலிருந்து எடுத்தேன்; மணமக்கள் மன்னிக்கட்டும்.

தம்பி பார்த்துவிட்டுக் கண் கலங்கினான். "அப்டியே கீறாருணே."

அக்கா மகன் சும்மா இருக்காமல் பக்கத்திலிருந்த எக்செல் கோப்பைத் திறந்தான். பாக்கிக் கணக்கு. 2009, கண்ணீர் அஞ்சலி, 100 போஸ்டர், அட்வான்ஸ் போக 350 ரூபாய் வரவேண்டும். எதிரே இந்தத் தம்பியின் பெயர்.

அவன் திரையை உற்றுப் பார்த்தான்.

"அது வைரஸா இருக்கும்ணே."