ஓட்டுநர் இல்லை, அபராதம் யாருக்கு?

மனித ஓட்டுநருக்குக் குறைகள் ஏராளம்: தூங்குவார், குடிப்பார், கைப்பேசியில் கண் வைப்பார். ஆகவே ஆளையே எடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. குரூஸ், வேமோ நிறுவனங்களின் ஆளில்லா டாக்சிகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் இரவுபகலாகக் கட்டணம் வாங்கி ஓடலாம் என்று 2023 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியா ஆணையம் அனுமதித்தது. 'வழியை மறிக்கின்றன' என்று தீயணைப்புத் துறை புலம்பியது எடுபடவில்லை.

மறுநாள் இரவே குரூஸ் வண்டிகள் நார்த் பீச் பகுதியில் கூட்டமாக நின்று தெருவை அடைத்தன. ஊரின் மறுகோடியில் நடந்த இசைவிழாவால் செல்பேசி சிக்னல் திணறியதாம்! சில நாள் கழித்து இன்னொரு வண்டி, காயாத சிமென்ட் சாலையில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. எதிர்ப்பாளர்கள் கண்டுபிடித்த ஆயுதமோ மிக மலிவு: பானட்டின் மேல் ஒரு போக்குவரத்துக் கூம்பை வைத்தால் போதும், செயற்கை அறிவு ஸ்தம்பித்துவிடும்.

அதுவரை சிரிப்புதான்.

அக்டோபர் 2 அன்று மனிதர் ஓட்டிய காரொன்று மோதித் தள்ளிய பெண், குரூஸ் வண்டியின் முன்னால் விழுந்தார். வண்டி அவர்மீது ஏறி நின்றது. பிறகு 'ஓரமாக நிறுத்துகிறேன்' என்று அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. நிறுவனம் அரசுக்குத் தந்த அறிக்கையில் அந்த இழுப்பு மட்டும் விடுபட்டது. மறதி மனிதக் குறை அல்லவா? அது வண்டியை விட்டு அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது.

பொய் அறிக்கைக்காக 2024-இல் குரூஸ் ஒப்புக்கொண்ட அபராதம் 5 லட்சம் டாலர். அடுத்த மாதமே குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் டாக்சித் திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் அது கொட்டியிருந்த பணம் 1,000 கோடி டாலர்.