பல்லாலயத்து மேலிடத்துக்கு ஒரு பக்தனின் விண்ணப்பம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் எழுந்தருளியிருக்கும் அரசுப் பல் மருத்துவக் கூடத்தின் நிர்வாகத் திருச்சமூகத்துக்கு,

அடியேன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. எந்தக் கூடம் என்று பெயர் சொல்லவில்லை. சுவாமி பெயரை நடுத்தெருவில் நின்று கூவக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒரு மனிதர் வாய்க்குள் இருக்கும் சங்கதியை ஒலிபெருக்கியில் கூவலாம் என்பதை மட்டும் தங்கள் சந்நிதியில் போன செவ்வாய்க்கிழமைதான் கற்றுக்கொண்டோம்.

அன்று நடந்த திருவிளையாடல் தங்கள் பதிவேட்டில் ஏறியிருக்காது. ஏறியிருந்தால் ‘நோயாளி வரவில்லை’ என்று ஏறியிருக்கும். வந்திருந்தார். 78 வயதில், விடியும் முன்பே, பசியாறாமல் வந்து, அர்ச்சனைச் சீட்டை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் நம்பர் சீட்டை வாங்கி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார் என் அப்பா. நடை திறக்கக் காத்திருக்கும் பக்தர்கள் கூட்டம். கர்ப்பக்கிருகம் நான்காம் அறை.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் அப்பாவின் கூட்டாளி. ரயில்வேயில் உடன் வேலை பார்த்தவர், இன்றைக்கும் தூண்டிலோடு தஞ்சோங் ஹராப்பானுக்கு உடன் வருகிறவர். அப்பா சட்டென்று சீட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

“என்னப்பா, பல்லு வலியா?”

“சேச்சே. பேரனுக்குக் காட்ட வந்தேன்.”

“பேரன் எங்க?”

“கக்கூசுக்குப் போயிருக்கான்.”

பேரன் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். “நானும் சும்மாதான் வந்தேன், வீட்டுக்காரியோட” என்றார் கூட்டாளி. வீட்டுக்காரியையும் காணோம். அவர் கையில் மடித்திருந்த நாளிதழின் ஓரத்தில் ஒரு நம்பர் சீட்டு எட்டிப் பார்த்தது.

பிறகு அசரீரி எழுந்தது. “நொம்போர் தீகா கோசொங் சத்து. கிகி பல்சு. பிலேக் அம்பாட்.” பொய்ப்பல்லுக்காரர் நான்காம் அறைக்கு வரவும். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட உரக்க. அப்பா விட்டத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அடுத்த நம்பரும் கிகி பல்சுதான். இம்முறை கூட்டாளி எழுந்துபோய், பல் துலக்கும் முறையை விளக்கும் சுவரொட்டியைப் பரீட்சைக்குப் படிப்பவர்போல் படித்தார். இரண்டு நம்பரும் போயே போயின.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் அப்பாவுக்குப் பல் போய், சொல் போய், அன்றைக்கு நம்பரும் போயிற்று.

கூட்டாளி வெளியே நழுவிய பிறகு அப்பா முகப்புக்குப் போய்ச் சீட்டை நீட்டினார். அங்கிருந்த துவாரபாலகி சட்டையில், உதவக் காத்திருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வில்லை பளபளத்தது. “எத்தனை தடவ கூப்பிடுறது அங்கிள்? காது கேக்கலயா? காதுக்கு வேற கிளினிக் போங்க, இங்க பல்லு மட்டும்தான்.” கூடம் சிரித்தது. பல் தெரியச் சிரிக்க வசதியுள்ளவர்கள் பல் தெரியச் சிரித்தார்கள். அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவரும் சிரிப்பதுபோல் தோளை இரண்டு தடவை குலுக்கினார். அடுத்த தரிசனம் தைப்பூசமெல்லாம் கழித்து என்று தேதி எழுதிக் கொடுத்தார்கள். அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

பழைய பொய்ப்பல் செட் என்ன ஆயிற்று என்று தங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதினோம். தலபுராணத்தை எழுத அந்தக் கோட்டில் இடம் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

தஞ்சோங் ஹராப்பானில் ஒரு ஞாயிறு. அப்பாவும் நானும் மட்டும் கரைக் கற்களின் மேல் நின்றுகொண்டிருந்தோம். இறால் இரைக்கு ஒரு செம்பிலாங் மாட்டியது. கடல் கெளுத்திக்கு முதுகிலும் இரு பக்கத்திலும் விஷ முள் என்பது தூண்டில்காரர்களுக்குத் தெரியும். அப்பா அதை ஈரச் சாக்கால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் கிட்டே போவதைப் பார்த்து “தொடாதேடா!” என்று கத்தினார். அந்த ‘டா’வோடு மேல் செட் வெளியே பறந்து, கல்லில் ஒரு தட்டு தட்டி, மலாக்கா நீரிணையில் ஐக்கியமாகிவிட்டது. மீன் தப்பவில்லை. அன்று வீட்டில் செம்பிலாங் குழம்பு, அப்பாவுக்குக் கஞ்சி.

அன்று தொடங்கியதுதான் கைக்குட்டை. கூட்டாளிகள் கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்பார். பேச்சைக் குறைத்தார், சிரிப்பதை அடியோடு விட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் முறுக்கைப் பார்த்தால் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிடுவார். ஊரில் ஒரு பிராணிக்கும் தெரியாமல் அவர் காப்பாற்றி வந்த ரகசியம் அது. அதைத்தான் தங்கள் அசரீரி மூன்று முறை நாமாவளி பாடியது.

என் முதல் பால்பல்லை எடுத்தவரும் அவர்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வாசற்படி. தூண்டில் தங்கூசியில் ஒரு சாண் வெட்டி, ஒரு முனையை ஆடுகிற பல்லிலும் மறுமுனையைத் தன் சுண்டுவிரலிலும் கட்டுவார். “அங்க பாரு, கிள்ளான் ரயிலு” என்பார். திரும்பினால் பல் அவர் கையில். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, பல்லைக் கூரைமேல் எறிந்து திரும்பிப் பார்க்காமல் ஓடி வர வேண்டும். அந்தக் குவாட்டர்ஸை இடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்துப் பற்களில் பாதி அந்தக் கூரையோடு போயிற்று, மீதி கடலோடு. தங்கூசி வைத்தியர் சீட்டுக் கொடுக்கவில்லை, காத்திருக்க வைக்கவில்லை. பல்லைப் பிடுங்கும்போது நான் அழுததை அடுத்த குவாட்டர்ஸுக்குச் சொல்லவும் இல்லை.

நம்பர் கூப்பிட்டும் எழாதது வைத்தியத்துக்குப் பயந்த நடுக்கமா என்று கேட்பீர்கள். இதே வாயில், ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவரும் அலகு குத்திக்கொண்டு பத்துமலை 272 படி ஏறியவர் அவர். மரத்துப்போக ஊசி கிடையாது. விபூதியும் வேல் வேல் முழக்கமும்தான். அங்கே 1892-இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. லட்சக்கணக்கில் கூட்டம், தங்களைவிடப் பெரிய சந்நிதி, ஒலிபெருக்கிகளும் ஏராளம். குழந்தையைக் காணவில்லை என்று அறிவிப்பார்கள், வண்டியை எடுக்கச் சொல்லி அறிவிப்பார்கள். ‘இன்ன காவடிக்காரர் இன்ன வியாதி தீர நேர்ந்துகொண்டு வருகிறார்’ என்று ஒரு வருடமும் அறிவித்ததில்லை. வேண்டுதல் முருகனுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும். 140 அடி உயரத்தில் பொன் வண்ணத்தில் நிற்கிறவருக்கு அந்த நாசூக்கு தெரிந்திருக்கிறது.

பல் போவது தெய்வலோகத்திலேயே நடந்த சங்கதிதானே! தக்கன் வேள்வியில் வீரபத்திரர் விட்ட அறையில் சூரியர்களில் ஒருவனான பூஷனுக்குப் பல் உதிர்ந்தது. அதன்பின் அவனுக்கு மாவுதான் படையல். பாரதம் எழுதக் கொம்பை ஒடித்துக்கொண்ட பிள்ளையாரை, ஒற்றைக் கொம்பன் என்று குறைத்தா பேசுகிறோம்? முதல் பூசையே அவருக்குத்தான். கண்டியில் புத்தர் பல்லின் பேழை யானைமேல் ஊர்வலம் போகிறது. போர்த்துக்கீசியர் 1560-இல் யாழ்ப்பாணத்தில் கைப்பற்றிய, புத்தருடையது என்று சொல்லப்பட்ட ஒரு பல்லுக்குப் பர்மாவின் பெகு மன்னர் பெருந்தொகை தருவதாகச் சொல்லியும் கொடுக்காமல், கோவாவில் இடித்துத் தூளாக்கி, எரித்து, ஆற்றில் கரைத்தார்கள். கொடுமைதான். ஆனால் பகைவர்களும் அந்தப் பல்லை ஒரு பொருட்டாக மதித்துத்தான் அழித்தார்கள்; நம்பர் தாண்டிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. அங்கே ஒரு பல்லுக்கு யானை. இங்கே ஒரு செட்டுக்கு ஒலிபெருக்கி.

தங்கள் மகிமையை அறியாதவன் என்று அடியேனை எண்ணிவிட வேண்டாம். பினாங்கில் 1949-இலேயே பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறந்த நாடு இது. அந்த மரபில் வந்த மிஸ்ஸிகள் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வரும் நாளில், பாதி வகுப்பு கழிவறையில் ஒளிந்திருக்கும். மிஸ்ஸி ஒவ்வொருவராகப் பிடித்து வந்து, தாடையைப் பிடித்து, காதருகே குனிந்து, “சொத்தை ஒண்ணே ஒண்ணுதான், யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்பார். கூட்டாளிகளிடம் நாங்கள் மானத்தோடு திரும்பிப் போனோம். 1972-இல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது தேசியக் கொள்கை ஆயிற்று. அதே ஆண்டில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலமும் வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் பல்லுக்காகத் தண்ணீர்க் குழாய்வரை யோசித்த அரசாங்கம், ஒரு மைக்கை யோசிக்காமல் விட்டுவிட்டது.

நான்காம் அறைக்குள் இருக்கும் மருத்துவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு என் தங்கை வயது இருக்கும். 2016-இன் கடைசியில் தொடங்கிய ஒப்பந்த முறையில் பல் மருத்துவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் இன்றைக்கு அடுத்தவர் கடைவாய்ப் பல்லைக் குனிந்து பார்க்கிறவர்களை, நின்று கும்பிட வேண்டும். வரிசை நீளம், ஆள் பற்றாக்குறை, நாற்காலி பற்றாக்குறை, எல்லாம் தெரியும். திருப்பதியில் நிற்பவன் கேள்வி கேட்பதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் அன்றைக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார்: “ஒரு வெள்ளிக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிறீங்க?”

என்ன எதிர்பார்ப்பதா? ஒரு வெள்ளி வைத்தியம் யாரும் போட்ட பிச்சை இல்லை. அந்த மனிதர் இந்த நாட்டுத் தண்டவாளத்தில் வெயிலிலும் மழையிலும் ராத்திரி ஷிப்டிலும் தேய்ந்தவர். சம்பளத்திலிருந்து வரியும் கட்டியவர். வைத்தியத்துக்கான காசை முப்பது வருடத்துக்கு மேல் முன்கூட்டியே கட்டியவர், கவுண்டரில் சில்லறை கொடுப்பதால் பிச்சைக்காரர் ஆகிவிடுவாரா? தனியார் கிளினிக்கில் தோல் நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கிறவரை ‘பொய்ப்பல், உள்ளே வா’ என்று கூப்பிடுவார்களா? கூப்பிட்டுத்தான் பார்க்கட்டும். அந்தத் துவாரபாலகியின் அப்பாவை வேறோர் ஊர்க் கூடத்தில் இப்படிக் கூப்பிட்டு, ‘காது கேக்கலயா’ என்று சிரித்தால், அந்த வில்லையைக் கழற்றி அவர்கள் முகத்தில் வீசமாட்டாளா?

அபசாரம், அபசாரம். ஊசி போடாத வாய், கொஞ்சம் கூடுதலாக உளறிவிட்டது. சந்நிதியில் குரல் உயர்த்தியதைப் பொறுத்தருள வேண்டும்.

பக்தனின் வேண்டுதல் மிகச் சிறியது. தேதியை முன்னுக்குத் தள்ளுங்கள் என்று கேட்கவில்லை, குளிர்சாதனமும் கேட்கவில்லை. அழைக்கும்போது நம்பரும் அறையும் போதும். யாருக்குச் சொத்தை, யாருக்கு ஈறு, யாருக்கு மேல் செட், யாருக்குக் கீழ் செட் என்பதெல்லாம் நான்காம் அறையில் இருக்கும் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துக்கொள்ளலாம். நம்பர் தாண்டிய கிழவர் யாராவது முகப்புக்கு வந்தால், அடுத்த நம்பருக்குப் பின்னால் ஓர் இடம் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால், முடியாது என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் சொல்லுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், டெண்டர் வேண்டாம், நாடாளுமன்றத்தில் மசோதா வேண்டாம். ஒலிபெருக்கிக்காரரிடம் இரண்டு சொல்லைக் குறைக்கச் சொன்னால் ஆயிற்று.

கொடுத்த தேதியில் அப்பா வருவார். கூட்டாளியும் வருவார்; அவருக்கும் அதே தேதிதான் என்று, பிறகொரு நாள் அவர் நாளிதழ் மடிப்பில் செருகியிருந்த அட்டை சொல்லிவிட்டது. இருவரும் தனித்தனி வரிசையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் இருப்பார்கள். உள்ளே போனதும் சொன்னபடி வாயைத் திறப்பார்கள், அகலமாகத் திறப்பார்கள். வெளியே தாங்கள் மட்டும் தங்கள் வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருந்து அருள்பாலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சந்நிதியின் மூன்றாவது வரிசை அடியான்,
கிள்ளான்.